குத்தகைக்குப் போகாத தண்ணீர்

மஸ்கட்
12.2.2006

அன்புள்ள இளவரசி அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். போன வாரம் பள்ளிப் படிக்கட்டில் சறுக்கியதில் கணுக்கால் லேசாக வீங்கியிருக்கிறது, உட்கார்ந்தே பாடம் எடுக்கிறேன். இளவரசியிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்தது. மீன் வளர்க்கக் குத்தகை எடுத்தவரின் காவல்காரன் நம் ஊர்ப் பெண்களைக் கண்மாயில் இறங்கவிடவில்லையாம். உங்கள் தம்பி மனைவி சோணையம்மாள் மாட்டை உள்ளே ஓட்டிவிட்டு, "ஏலே, மீனத்தான குத்தகைக்கு விட்டாக, தண்ணியவுமா சேத்து விட்டாக?" என்று கேட்டாளாம். அதை மூன்று இடத்தில் எழுதிப் புகழ்ந்திருக்கிறீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பி.ஏ. படித்த நான் கலெக்டருக்கு எழுதித் தந்த இரண்டு பக்க மனுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வயிற்றெரிச்சலோடுதான் அந்த மனுவின் நகலை எடுத்துப் படித்தேன். மாடு குளிப்பாட்டவும், தண்ணீர் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கவும் நமக்குள்ள பாத்தியதையை நான் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறேன். அவள் ஒரே வரியில் கேட்டுவிட்டாள். மாற்றி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அவள் கேள்விதான் முதல் வரி, அவள் பெயர்தான் முதல் பெயர். அடுத்த ஏலத்துக்கு முன் கொடுத்துவிடுங்கள்.

இனி எழுதும்போது என்னைப் பற்றியும் நாலு வரி எழுதுங்கள். பள்ளி வண்டி வந்துவிட்டது. மனு ஜெயித்து எல்லோரும் மீன் பிடிக்க இறங்கினால், பரணில் இருக்கும் என் ஊத்தாக் கூடையை மட்டும் அவளுக்கு இரவல் கொடுக்காதீர்கள்.

உங்கள்
தமயந்தி