பங்கு வாங்காத வீடுகள்

ஒக்டோபர் பன்னிரண்டு, காலை 5.47. மான்கள் ஒன்பது, அதில் வெள்ளை ஒன்று.

களப்போரப் பற்றைக்குள் நான் பூட்டிய கமராவில் இன்று விழுந்த படம் இது, அண்ணை. காதைத் தூக்கி நேரே பார்க்கிறது. உயிரோடு நிற்கிறது. நீங்கள்தான் இல்லை.

அதை முதலில் கண்ட கிழமை நான் ஆடிய ஆட்டம் உங்களுக்குத் தெரியும். வரைபடம், படங்கள், பதினொரு பக்க மனு. வெள்ளை மானுக்குத் தனித் தடை வேண்டும் என்று யாழ்ப்பாணம் போய் வனவிலங்குக் கந்தோரில் கொடுத்தேன். அதிகாரி வாசித்துவிட்டு, "மான் எந்த நிறமெண்டாலும் பிடிக்கேலாது தம்பி. சட்டம் எப்பவோ இருக்கு. பிடிக்கிறதைக் கண்ட ஆளைக் கொண்டு வாங்கோ" என்றார். திரும்பி வந்து உங்கள் வள்ளத்தடியில் நின்று கத்தினேன். நீங்கள் வலையை விட்டு நிமிரவேயில்லை. "சட்டம் கிடக்கு. வாய்தான் இல்லை" என்றீர்கள்.

ஏன் இல்லை என்று எனக்கும் தெரியும். எங்கள் ஊரில் மான் விழுந்தால் வீட்டுக்கு ஒரு பங்கு, பனையோலையில் கட்டி வேலியில் தொங்கும். தின்ற வீடு முறைப்பாடு செய்யாது. சண்டை வராமல் பங்கு போடத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். எங்கள் வீட்டிலும் வாங்கினோம். நானும் தின்றேன்.

வள்ளத்தடியில் நான் கத்திக்கொண்டு நின்ற அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணியின் தம்பி வந்தான்.

"அத்தான், வெள்ளைக்குச் சுருக்கு வைச்சாச்சு. கத்தியைத் தீட்டி வையுங்கோ."

"நான் வெட்டமாட்டன்."

"என்ன, விரதமோ? போன முறை ஈரலை ஆர் கொண்டு போனது?"

"நான்தான். இனி வேண்டாம்."

"அப்ப வேறை ஆளைப் பிடிக்கிறன்."

"பிடி. வாங்கிறதுக்கும் ஆளைப் பிடி."

அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனீர்கள். ஓலை வந்தால் வாங்காதேங்கோ என்று ஒவ்வொரு படலையிலும் சொன்னீர்கள். வீண் வேலை, இன்னும் நாலு கமரா பூட்டுவம் என்றேன். "உன்ரை கமரா கோட்டிலை ஏறிச் சத்தியம் பண்ணுமோ?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளை மிதித்தீர்கள்.

மூன்றாம் நாள் சுருக்கில் விழுந்தது வெள்ளை அல்ல, வேறொரு பெட்டை. வழக்கம்போல ஓலைகள் தொங்கின. அம்மா எங்களுடையதைக் கொண்டுபோய் அவன் படலையிலேயே கட்டிவிட்டு வந்தார். பின்னால் இன்னும் மூன்று வீடுகள். அன்றைக்கே நீங்கள் கந்தோருக்குப் போய் மைத்துனனின் பெயரைச் சொன்னீர்கள். அண்ணி உங்களோடு எத்தனையோ நாள் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு பற்றைக்குள் ஒரு சுருக்கும் இல்லை. எல்லாரும் அவன்மேல் போட்ட வழக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது தோற்றால் மறுநாளே சுருக்குக் கம்பி இறங்கும். வெளிச்சத்தில் தூரத்திலேயே தெரிகிற மான்தான் முதலில் போகும். இதற்குள் ஆவணியில் உங்கள் நெஞ்சு நின்றுபோனது. சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது என்கிறார் அதிகாரி.

சுருக்கு வைத்ததாக அவன் சொன்னதை அன்று கேட்டவர்கள் இரண்டு பேர், அண்ணை. மற்றவன் நான். "நீயும் திண்டவன்தானே" என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்று இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று படத்தைக் காட்டி, சாட்சி சொல்ல நினைப்பதையும் இந்தப் பயத்தையும் அம்மாவிடம் சொன்னேன்.

"ஓம், திண்டனாங்கள். பிறகு விட்டனாங்கள். உதைச் சொல்ல என்ன வெக்கம்? நானும் வாறன்."

இனிச் செய்யப் போவது:

1. இன்று பின்னேரம் அண்ணியிடம் போய், நான் சாட்சி சொல்லப் போவதை நானே சொல்வது. அவன் அவருடைய தம்பி. வேறு வாயால் கேட்கக் கூடாது.

2. ஓலையைத் திருப்பிய மற்ற மூன்று வீட்டுக்கும் போய், வருவீர்களா என்று கேட்பது. மனு எழுதிக்கொண்டு போகாமல் கேட்பது.

3. நீதிமன்றத்தில், அவர்கள் கேட்பதற்கு முன்பே, நானும் தின்றவன் என்று சொல்வது.

4. அதைக் கத்தாமல் சொல்வது. இதற்குத்தான் நீங்கள் வேணும், அண்ணை.