திறக்க முடியாத போன்

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ அனுப்பிய போனும் போய்விட்டது. திட்டாதே. ஸ்க்ரூ டிரைவரை ஒளித்து வைத்தேன். அப்பா காய் நறுக்கும் கத்தி முனையாலேயே திறந்துவிட்டார். காலமெல்லாம் ரேடியோ ரிப்பேர் பார்த்த கை அல்லவா? "புள்ள குரல் கரகரங்குது, உள்ள பாத்துச் சரி பண்ணிடறேன்" என்று குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டார். வெளியே வந்தபோது போன் சட்டைப் பையில் துண்டு துண்டாகக் கிடந்தது.

வீட்டுக்கே ஒரே போன். என் லாண்டரி வேலைக்கும் அதுதான், டாக்டருக்கும் அதுதான். பக்கத்து வீட்டில் இரவல் கேட்டுக் கேட்டு எனக்கே கூச்சமாக இருக்கிறது. அப்பாவுக்கு மறதி முற்றிக்கொண்டே போகிறது, என்னையே சில நாள் "நர்ஸம்மா" என்று கூப்பிடுகிறார். உன் குரல் மட்டும்தான் அவருக்கு இன்னும் பிடிபடுகிறது. அந்த நினைவு இருக்கும்போதே வேறு போன் அனுப்பிப் பேசிவிடு. நல்ல போனாகப் பார்த்து நீயே எடுத்து வந்தால் இன்னும் நல்லது.

அலுத்துப்போன அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

கடை கடையாக ஏறி இறங்குகிறேன். மெல்லிசாக இருப்பதெல்லாம் பகட்டுக்குத்தான். ஒன்றில் பேட்டரி நன்றாக நிற்கிறது, ஆனால் மூடி கையோடு வருகிறது. இன்னொன்று தண்ணீர் தாங்கும், சத்தம் போதாது. அவசரப்பட்டு வாங்கி மறுபடி உடைந்தால் யாருக்கு லாபம்? அடுத்த மாதம் புது மாடல் வருகிறதாம். லீவுக்குச் சூப்பர்வைசர் இன்னும் பிடி கொடுக்கவில்லை.

தம்பி

ஏப்ரல் 20

தம்பி,

செருப்பு வாங்கப் போனாலும் கடை அடைக்கும் வரை பார்ப்பவன் நீ. உன்னோடு பிறந்த எனக்குத் தெரியாதா? எதையாவது அனுப்பு. அப்பா இப்போதெல்லாம் உன்னைக் கேட்பதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா

மே 23

அக்கா,

கிடைத்துவிட்டது! ஓரமெல்லாம் ரப்பர். முதுகை ஒட்டியே மூடியிருக்கிறார்கள், ஸ்க்ரூவே கிடையாது. கடைக்காரர் தரையில் வீசி எறிந்து காட்டினார். அப்பா தலைகீழாக நின்றாலும் திறக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பும் ரூம் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். போன் வந்து சேர்ந்ததும் பேசுகிறேன்.

தம்பி

ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

போனில் ஒரு குறையும் இல்லை. மாடிப்படியில் உருண்டது, கீறல்கூட விழவில்லை. சார்ஜும் நிற்கிறது. அப்பா அதைத் திறந்து பார்க்கவே முயலவில்லை.

நேற்று நீ பேசியபோது பொறுமையாகத்தான் கேட்டார். நீ "அப்பா, அப்பா" என்றது எனக்கும் கேட்டது. "ராங் நம்பர் தம்பி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்குவதற்குள் நீ வைத்துவிட்டாய். திரும்ப அடித்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் மீதியை எழுதுகிறேன்.

பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு, "யாரு பெத்த புள்ளையோ, பாவம், அழுவுறான். வீட்டுக்கு வரச் சொல்லும்மா" என்றார்.

சரி, சொல்கிறேன் என்றேன்.

அக்கா