இரவிலும் இறங்காத நீலக்கோடு

சிறுவாச்சூர்,
22.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கவியா எழுதுகிறேன். போனில் பேசினால் இங்கே அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், அங்கே உன் மாமியார் போட்டுவிடுகிறார். நாலு பேர் காதில் விழும்படி "சாப்ட்டியா", "சாப்ட்டேன்" என்று பேசி வைத்துவிடுகிறோம். அதனால்தான் இந்தக் கடிதம். தபால்காரர் கூப்பிட்டால் நீயே வந்து வாங்கிக்கொள்.

இங்கே மூவரும் சுகம். பதினொன்றாம் வகுப்பில் நான் கேட்ட கணிதப் பிரிவே கிடைத்துவிட்டது. கல்யாணமாகி நீ போனபின் உன் கட்டிலில் அம்மா மல்லி காயவைக்கிறார். ஒருவாரமாக என் புத்தகங்கள் எல்லாம் மல்லி வாசம்.

முக்கியமாக எழுத வந்தது சோலார் பற்றி. உன் கல்யாணச் சீராக அரியலூர் வீட்டு மாடியில் அப்பா போட்டுக்கொடுத்தாரே, அதை மாட்டிய ஆள் நம்பர் கேட்டபோது பெருமையில் அப்பா தன் நம்பரையே சொல்லிவிட்டார். ஆகவே உங்கள் வீட்டுக் கணக்கைக் காட்டும் ஆப் அப்பாவின் போனில்தான் திறக்கிறது. அதைப் பார்த்துச் சொல்வது என் வேலை. வெல்டிங் பட்டறையை அடைத்துவிட்டு வந்து கைகழுவும்போதே கேட்பார்: "நம்ம மணி வூட்டுல இன்னிக்கி எவ்ளோ ஓடிருக்கு?" பன்னிரண்டு யூனிட் என்றால் ஒரு தோசை கூடுதலாகப் போகிறது. ஒன்பது என்றால், "நான் அடிச்ச ஸ்டாண்டு ஏதும் சாஞ்சிருக்குமோ?" என்று கவலைப்படுகிறார். நம் தெருவில் பெண்ணுக்குச் சோலார் கொடுத்தவர் வேறு யாரும் இல்லை என்பதை யாராவது மறந்தால் அவரே ஞாபகப்படுத்துகிறார்.

ஆப்பில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. மஞ்சள், தகடுகள் தயாரிப்பது. காலையில் ஏறி மதியம் உச்சிக்குப் போய் மாலையில் இறங்கும். நீலம், வீட்டில் செலவாவது. எனக்கு நீலம்தான் பிடிக்கிறது. அதைப் பார்த்தே உங்கள் வீட்டில் எப்போது மோட்டார் ஓடியது, எப்போது சட்னி அரைத்தீர்கள் என்று சொல்லிவிடுவேன். நேற்று காலை நீ இரண்டுமுறை மிக்ஸி போட்டாய். சரிதானே?

மஞ்சள் நாளுக்கு நாள் கொஞ்சம் குறைகிறது. சிமெண்ட் லாரிகளின் தூசு படிந்திருக்கும். வெயில் ஏறுவதற்குமுன் வெறும் தண்ணீரால் கழுவு. கண்ணாடி சூடானபின் ஊற்றாதே.

உன் தங்கை,
கவியா


அரியலூர்,
27.6.2025

அன்புக் கவிக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றே படித்துவிட்டேன். என் கட்டிலில் மல்லியா? இருக்கட்டும், ஊருக்கு வந்து பேசிக்கொள்கிறேன்.

மாடிக்குப் போய்க் கழுவினேன். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வழிந்தது. கீழே காயப்போட்டிருந்த மாமியாரின் சேலைமேல் பாதி. "ஏம்மா, சீரு குடுத்தது பத்தாதுன்னு சேலைக்கு வெள்ளையும் அடிக்கிறியா?" என்றார். நல்ல மனுஷி. சுவரில் இருக்கும் இன்வெர்ட்டருக்கு வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் வைக்கிறார். பக்கத்து வீட்டு பஞ்சவர்ணம் அக்கா தன் உறவுக்காரர்களை எல்லாம் கூட்டிவந்து எங்கள் மாடியைக் காட்டுகிறார்.

மிக்ஸி இரண்டுமுறை போட்டது உண்மைதான். படித்தபோது சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. கவி, அப்பாவிடம் மஞ்சளை மட்டும் சொல். நீலத்தைப் பற்றி எதற்கு?

இன்னொன்று. ஆடிக்கு அழைக்க வருவதாக அம்மா போனில் சொன்னார். இந்தத் தடவை என்னால் வந்து தங்க முடியாது என்று நினைக்கிறேன். தலை ஆடிக்கே பெண் வரவில்லை என்றால் அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும். பக்குவமாகச் சொல்லிவை.

என் வீட்டுக்காரர், உன் விக்கி மாமா, உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
மணிமொழி


சிறுவாச்சூர்,
2.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கழுவியபின் மஞ்சள் நன்றாக ஏறிவிட்டது. அப்பா பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறார்.

நீலத்தைப் பற்றி எதற்கு என்றாய். நான் பார்த்துவிட்டேன். எல்லோரும் தூங்கும் நேரத்திலும் உங்கள் வீட்டில் அது ஓர் அளவுக்குக் கீழே இறங்குவதே இல்லை. அடிக்கோல் வைத்துக் கிழித்ததுபோல விடியும்வரை நேராகப் போகிறது. பிரிட்ஜ் என்றால் ஏறி ஏறி இறங்கும். மின்விசிறிக்கு இவ்வளவு ஆகாது. உங்கள் வீட்டில் ஏசி இல்லை. இயற்பியல் டீச்சரிடம் கேட்டேன், "நிக்காம ஓடுற மாதிரி ஏதோ ஒரு மெஷின்மா" என்றார். என்ன மெஷின் என்று அவருக்கும் தெரியவில்லை.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் அப்பாவிடமும் காட்டிவிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பக்கத்து வூட்டுக்கு வயர் இழுத்து வுட்டுருக்காங்களோ?"

"ஏங்க, சம்மந்தி வூட்டுல எது ஓடுனா உங்களுக்கென்ன?" என்றார் அம்மா.

"எம் பொண்ணுக்குன்னு குடுத்தேன்டி. ஊரு பூரா லைன் குடுக்கவா குடுத்தேன்?"

"பொண்ணே அங்க குடுத்தாச்சு. கரண்ட்டுக்குப் போயி கணக்கு பாக்குறீங்க."

பதிமூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உன்னை ஆடிக்கு அழைக்க நாங்கள் மூவரும் வருகிறோம். நீ வர முடியாது என்றதை அம்மாவிடம் சொன்னேன். "நேர்ல கேட்டா வருவா" என்கிறார். அப்பா மாடிக்கும் ஏறிப் பார்க்கப்போவதாகச் சொல்கிறார்.

அந்த மெஷின் என்ன அக்கா? தெரியாமல் இருக்க முடியவில்லை. உடனே எழுது.

கவியா


அரியலூர்,
7.7.2025

கவி,

பள்ளிக்கூடத்து முகவரிக்கு எழுதுகிறேன். படித்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகாதே.

அது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின். ஒரு சூட்கேஸ் அளவு இருக்கும். என் மாமனார் மூக்கில் குழாய் வைத்துக்கொண்டு இரவும் பகலும் அதன் பக்கத்தில்தான் இருக்கிறார். சுண்ணாம்புக்கல் உடைக்கிற இடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர். நுரையீரல் கெட்டுவிட்டது. கல்யாணத்தன்று நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல் இருந்தாரே, மாப்பிள்ளை வீட்டு மிதப்பு என்று நம் ஆட்கள் பேசினார்கள். அவரால் நடக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நமக்குச் சொல்லாமல் மறைத்தது உண்மை. இங்கே வந்த இரண்டாம் நாள்தான் எனக்கே தெரியும். கோபத்தில் நான் சாப்பிடவில்லை. விக்கி மாமா வந்து, "சொல்லிருந்தா ஒன்னயக் குடுத்துருப்பாங்களா?" என்று கேட்டார். "குடுத்துருக்க மாட்டாங்க" என்றேன்.

இப்போது பழகிவிட்டது. மாமனாருக்குத் தினமும் பேப்பர் படித்துக் காட்டுகிறேன். தப்பாகப் படித்தால் கண்ணை மூடியபடியே திருத்துகிறார். "ஒங்கப்பா சீரு ஒனக்கு வரல மருமவளே, எனக்குத்தான் வந்துச்சு" என்று சிரிக்கிறார். இந்த சோலாருக்கு பேட்டரி இல்லை, கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து நின்றுவிடுகிறது, பட்டப்பகலாக இருந்தாலும். அப்போது குழாயை ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். மாமியாரின் கைக்கு அந்தத் திருகு வராது. விக்கி மாமா வேலைக்குப் போனபின் பகலில் நான்தான். ஆடிக்கு வர முடியாதது அதனால்தான்.

அப்பாவுக்குத் தெரிந்தால், "ஏமாத்திட்டாங்க" என்று அன்றைக்கே என் பெட்டியைத் தூக்கிவிடுவார். எனக்கு இந்த வீட்டில் இருக்க வேண்டும் கவி. யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

பழைய பிரிட்ஜ், கோளாறாக ஓடுகிறது என்று சொல்லிவிடு.

மணிமொழி


சிறுவாச்சூர்,
15.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே பழைய பிரிட்ஜ் என்று சொன்னேன். அப்பா நம்பிவிட்டார். நான் சொன்ன முதல் பொய் என்பதால் நம்பியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வந்தபோது நடந்தது உனக்கே தெரியும், அம்மா ஆடிக்குக் கூப்பிட்டதும் நீ முடியாது என்றதும் உட்பட. நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். உன் மாமனார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். குழாய் இல்லை. மெஷின் சத்தமும் இல்லை. அப்பா எதைக் கேட்டாலும் அவர் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். நகங்கள் ஊதா நிறத்தில் இருந்தன. நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அப்பா மாடிக்கு ஏறி வயரையெல்லாம் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தபோது, போகலாம் என்று நான் இரண்டுமுறை சொன்னேன். கிளம்பும்போது உன் மாமனார் எழுந்து வாசல்வரை வந்தார்.

பஸ்ஸில் அப்பா, "நல்லுசாமி சம்மந்திக்கு வாயத் தொறந்தா முத்து கொட்டிரும்போல" என்றார்.

ராத்திரி யூனிட் கேட்டார். ஆப்பைத் திறந்தேன். நீலக்கோட்டில் ஒரு பள்ளம். நாங்கள் வந்து இறங்கியபோது விழுந்து, நாங்கள் போனபின் ஏறியிருந்தது. மறைப்பதற்குள் அப்பா பார்த்துவிட்டார்.

"பிரிட்ஜுன்ன? நாம போனப்ப மட்டும் எப்புடி நின்னுச்சு? நம்மளப் பாத்ததும் லைனப் புடுங்கிருக்கானுவ!"

உடனே பட்டறை ஆள் அமாவாசை அண்ணனுக்குப் போன் போட்டார். "காலைல வண்டிய எடுத்துக்கிட்டு வா. நாலு பேர வச்சி நாயம் கேக்கணும்" என்றார். அம்மா தடுத்தும் கேட்கவில்லை.

அக்கா, நான் சொல்லிவிட்டேன். மெஷின், சுண்ணாம்புக்கல், நீ எழுதியது எல்லாவற்றையும். அவர் ஆட்களோடு வந்து அந்த வாசலில் நின்று கத்துவதை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

அப்பா போனைக் கீழே வைத்தார். பள்ளத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நாம இருந்த நேரம் பூராவுமா?"

"ஆமாப்பா."

"வாசல் வரைக்கும் வந்தாரேடி அந்தாளு."

அமாவாசை அண்ணனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உன்னைக் கூட்டிவரப் போகிறாரா, இல்லையா என்று தெரியவில்லை. நீ சொல்லாதே என்றதைச் சொன்னேன். பதில் எழுது. திட்டியாவது எழுது.

கவியா


அரியலூர்,
21.7.2025

கவிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாள், ஆடி முதல் தேதியன்று, அப்பாவே வந்துவிட்டார். போன் பண்ணவில்லை. தனியாக பஸ்ஸில் வந்தார்.

மாமனார் பதறிப்போய்க் குழாயைக் கழற்றப் போனார். அப்பா, "இருக்கட்டும் சம்மந்தி, போட்டுக்கங்க" என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெஷினையே கொஞ்சநேரம் பார்த்தார். மாமியார் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை.

என்னைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"எங்கூட வரியாம்மா?"

"இல்லப்பா."

"பயந்துக்கிட்டு சொல்றியா?"

"இல்லப்பா. இங்கயே இருக்கேன்."

பிறகு மாமனார் பக்கம் திரும்பி, "மறச்சது தப்பு சம்மந்தி. அத நான் மறக்க மாட்டேன்" என்றார். மாமனார், "மறக்க வேணாங்க" என்றார். மூச்சு வாங்கி வாங்கித்தான் அதையும் சொன்னார். அப்பா சாப்பிடவில்லை. காபி மட்டும் குடித்தார். புறப்படும்போது, "ஆடிக்கு ஒங்கம்மாவ இங்க அனுப்பி வைக்கிறேன், பத்து நாள் கூட இருக்கட்டும்" என்றார். பெண் வீட்டுக்காரி ஆடிக்குச் சம்மந்தி வீட்டில் வந்து தங்குவதா என்று பஞ்சவர்ணம் அக்கா கேட்பார். கேட்கட்டும்.

இப்போது உன் விஷயம். நீ அப்பாவிடம் சொன்னது சரியா, தப்பா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. சொல்லாவிட்டால் ஆட்கள் வந்திருப்பார்கள், தெரியும். ஆனால் அந்தக் கோட்டை நீ முதலில் அப்பாவிடம் காட்டாமல் என்னிடம் கேட்டிருக்கலாம்.

பஸ் ஏறுமுன் அப்பாவின் போனை வாங்கி, சோலார் மாட்டிய ஆளோடு பேசினேன். இனி ஆப் என் நம்பரில்தான் திறக்கும். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. நீ கேட்பாய், அதனால் சொல்கிறேன். நான் எப்போது எழுந்தேன், எப்போது விளக்கை அணைத்தேன் என்பதெல்லாம் சிறுவாச்சூரில் தெரியும் என்று நினைத்தால், சுவிட்சைத் தொடும்போது கை தயங்குகிறது. இது உன்மேல் கோபமில்லை. இது என் வீடு.

காலாண்டு விடுமுறைக்கு இங்கே வா. மாமனார் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், மெஷினைக் கோட்டிலேயே பிடித்த பெண் யார் என்று. என்ன தெரிய வேண்டுமோ என்னிடம் கேள். கேட்டால் சொல்வேன். சிலவற்றைச் சொல்லமாட்டேன்.

மணிமொழி