பாஞ்சாலையின் மந்திரி

ஜமுனாமரத்தூர்,
14.11.1983

அன்புள்ள தேவராஜுக்கு,

கோவிந்தன் எழுதுவது. செங்கத்தில் உன் வீட்டார் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மாமனார் நிலத்தில் சாமை அறுத்தாயிற்று.

இரண்டு வாரமாக என் சதுரங்க நகர்த்தல் வரவில்லையே என்று நினைத்திருப்பாய். மழையில் மண் சரிந்து பஸ் வரவில்லை என்று ஒரு கார்டு எழுதி, கிழித்துப்போட்டேன். பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் தபால் சதுரங்கத்தில் முதல் இரண்டு ஆட்டமும் தோற்றேன். சிப்பாய்களையே தள்ளிக்கொண்டிருப்பேன், மந்திரி கடைசிவரை உள்ளே அடைபட்டுக் கிடக்கும். மாசியில் மூன்றாவது ஆட்டத்துக்குப் பலகையைப் பரப்பியபோது, அந்த இரண்டு ஆட்டத்தையும் பார்த்தே விளையாட்டைக் கற்றுக்கொண்ட என் மனைவி பாஞ்சாலை, பக்கத்தில் புளி தட்டியபடியே, "சிப்பாய நவுத்தி கதவத் தொறந்துட்டு, மந்திரிய உள்ளயே குந்த வெச்சா இன்னாத்துக்கு ஆவும்?" என்றாள்.

சிரித்தேன். ஆனாலும் மூன்றாவது நகர்த்தலிலேயே அவள் காட்டிய கட்டத்தில் மந்திரியை வைத்தேன். அது உன் ராஜாவின் பக்கத்துச் சிப்பாயைக் குறிபார்த்தது. என் ராஜாவும் சீக்கிரமே கோட்டைக்குள் பத்திரமானான். அதன்பின் நான் எழுதியதெல்லாம் அவள் சொன்னதுதான். நீ தோற்றாய். என்னைப் பாராட்டி எழுதினாய். வாங்கிக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? உனக்குச் சந்தேகம் வந்துவிடுமோ என்று பயந்து, அவளுக்குக் குதிரைக்கும் கழுதைக்கும் வித்தியாசம் தெரியாது என்று வேடிக்கைபோல எழுதிவைத்தேன். இதைச் சொல்லவே கூசுகிறது.

உன் பதில் வந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தபால்காரர் அவளிடம் கொடுத்துவிட்டார். "உன் மனைவி இன்னும் குதிரையைக் கழுதை என்றுதான் சொல்கிறாரா?" என்று கேட்டிருந்தாய். ஐந்தாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டி முழுவதும் படித்திருக்கிறாள். நான் வந்ததும் கார்டை நீட்டி, "நான் எப்பங்க அப்டி சொன்னேன்?" என்று மட்டும் கேட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து அவள் பலகைப் பக்கம் வருவதில்லை. நான்காவது ஆட்டம் பாதியில் நிற்கிறது. நானே ஏதாவது யோசித்து எழுதலாம். மனம் வரவில்லை. காய்களெல்லாம் அவள் வைத்த இடத்தில் இருக்கின்றன.

உனக்கு உண்மையை எழுதப்போகிறேன் என்று நேற்றுச் சொன்னேன். எழுதுங்க என்றாள், நிமிராமலே.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்காக ஒன்று செய். அடுத்த கார்டில் திருமதி பாஞ்சாலை என்று விலாசம் போடு. அடுத்த நகர்த்தல் என்ன என்று அவளையே கேள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அவள் பதில் எழுதினால், கொண்டுபோய்த் தபாலில் சேர்ப்பது மட்டும் என் வேலை.

உன்
கோவிந்தன்