நாற்காலி உயரத்துப் படங்கள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன்னையும் மாப்பிள்ளையையும் எந்தக் குறையும் அண்டாமல் இருக்கட்டும், நாங்களும் இங்கே வேளைக்கு மருந்தும் வேளைக்குச் சாப்பாடுமாக நன்றாகவே இருக்கிறோம். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் சிலதைச் சொல்ல முடிவதில்லை, அதனால்தான் காகிதம். மருத்துவமனைத் துணியறையில் எனக்கு இப்போது பகல் வேலைதான். புதுச் சலவை இயந்திரம் வந்திருக்கிறது, படுக்கை விரிப்புகளையெல்லாம் கயிறாகத் திரித்துக் கொடுக்கிறது, அதைப் பிரிக்கவே ஆள் போதவில்லை, இயந்திரம் வந்தால் ஆளைக் குறைக்கலாம் என்று சொன்ன மேற்பார்வையாளர் இப்போது அவரே வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது. உன் அறை ஜன்னல் மட்டும் இன்னும் மூடமாட்டேன் என்கிறது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நீ வந்து பார்த்துவிட்டுப் போனாய், வலது கை விழுந்ததும் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதும் உனக்குத் தெரியும். அதன் பிறகு அவர் கேட்டைத் தாண்டவே இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்காது. தெரு முனைவரை தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் நாலுகால் ஊன்றுகோல் ஒன்றை வாங்கச் சொன்னார், அது கதவுக்குப் பின்னால் துண்டு காயப்போடத்தான் பயன்பட்டது. வற்புறுத்தினால், கோண வாய வெச்சுக்கிட்டு யாருக்குக் காட்டப் போறேன் என்பார், அதையும் பாதி விழுங்கித்தான் சொல்வார். காலமெல்லாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, மனுஷர்களை உச்சந்தலையாகவே பார்த்துப் பழகியவர், கேட்டுக்கு உள்ளே குட்டை நாற்காலியைப் போட்டுக்கொண்டு கம்பி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே நீ அனுப்பிய போனை மடியில் வைத்துக்கொண்டு, இடது கட்டைவிரலால், கண்ணில் பட்ட ஜீவனையெல்லாம் படம் எடுக்க ஆரம்பித்தார். முதலில் ஒன்றும் உருப்படவில்லை, வால் இருந்தால் தலை இருக்காது, காக்கா பறந்துபோன மதில்சுவர் மட்டும் அழகாக விழுந்திருக்கும். போகப்போகக் கை பழகிவிட்டது. எதையும் கூப்பிட மாட்டார், உஸ் உஸ் என்று சத்தம் காட்ட மாட்டார், போனை நீட்டிக்கொண்டு சும்மா இருப்பார், சைக்கிள் கடைக் கறுப்பு நாய் தானாகவே வந்து அது என்னவென்று மோந்து பார்க்கும், அப்போது எடுப்பார். ஒரு நாள் நாற்காலியை மர நிழலுக்குத் தள்ளச் சொன்னார், ஏன் என்று கேட்டதற்கு, வெயில்ல கறுப்பு நாய எடுத்தா கரிக்கட்டை மாதிரிதான் வரும், நிழல்ல எடுத்தாத்தான் அதுக்குக் கண்ணு இருக்கிறதே தெரியும் என்றார். உடம்பு விழுந்த பிறகு அவர் பேசி நான் கேட்ட முதல் நீள வாக்கியம் அதுதான்.

மாடியில் குடியிருக்கும் கணக்கு டீச்சரையும் அவருடைய பூனையையும் நீ பார்த்திருக்கிறாய். வீட்டு வாடகையை அது கொடுப்பதுபோல நடக்கும் என்பதால் அப்பா அதற்குத் துரை என்று பேர் வைத்திருந்தார், டீச்சரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். போன மாதம் துரையைக் காணவில்லை. டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகமெல்லாம் வீங்கி, தன் போனில் இருந்த ஒரு படத்தை வீடு வீடாகக் காட்டிக்கொண்டு போனார். கழுத்தில் நாடாவைக் கட்டி மேலே நின்றுகொண்டு எடுத்த படம், தலையணைக்கு நாடா கட்டியதுபோல இருந்தது, பார்த்தவர்கள் எல்லாப் பூனையும் இப்படித்தானே இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா தன் போனை நீட்டினார். அதில் துரை மனுஷன்போல நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தது, காதில் கிழிசல், தாடைக்குக் கீழே வெள்ளைத் திட்டு, எல்லாம் தெளிவாக இருந்தது. அந்தத் திட்டைத் தான் பார்த்ததே இல்லை என்றார் டீச்சர். அந்தப் படத்தை அப்பாவின் போனிலிருந்தே அச்சுக்கடைக்கு அனுப்பினோம், நோட்டீஸ் அடித்த கடைக்காரர், படம் எந்த நம்பரிலிருந்து வந்ததோ அதையே பெரிதாகக் கீழே போட்டுவிட்டார். டீச்சர் அவசரத்தில் கவனிக்கவில்லை, தெருவெல்லாம் ஒட்டிவிட்டு வந்துதான் பார்த்தார்.

மறுநாள் நான் துணியறையில், டீச்சர் பரீட்சை ஹாலில், அங்கே போனை அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வீட்டில் அப்பா மட்டும். முதலில் ஒருவர் கூப்பிட்டிருக்கிறார், இவர் குழறியதைக் கேட்டுவிட்டு, காலங்காத்தாலயே குடிச்சிட்டியா என்று கேட்டு வைத்துவிட்டார். அப்பா போனைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டார். அது மறுபடி அடித்தபோது வெகுநேரம் எடுக்கவில்லையாம், விடாமல் அடித்ததால் எடுத்திருக்கிறார். பின் தெருவில் பெயிண்ட் கிடங்கு இருக்கிறதே, அங்கே காவலுக்கு இருப்பவர் பேசினார். டப்பாக்களுக்கு நடுவே இப்படி ஒரு பூனை இருக்கிறது, கிட்டப் போனால் சீறுகிறது, இன்றைக்குச் சரக்கு இறக்க லாரி வரும், வந்தால் நான் பொறுப்பில்லை என்றாராம். தான் வரும்வரை லாரியை நிறுத்தி வைக்கச் சொல்லி அப்பா குழறியது அவருக்கும் புரியவில்லை, ஆனால் அவர் போனை வைக்கவில்லை, மெதுவா திரும்பச் சொல்லுங்க ஐயா என்று சொல்லிச் சொல்லி விஷயத்தை வாங்கியிருக்கிறார். அப்பா எனக்குப் போன் செய்தார், இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. அப்புறம் ஊன்றுகோலின்மேல் கிடந்த துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக் கைலியோடேயே, கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டார். சைக்கிள் கடைக்காரர் பார்த்துவிட்டு, கூட வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையாட்டினாராம். கடைக்காரர் கேட்கவில்லை, கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போயிருக்கிறார்.

சைக்கிள் கடைக்காரர்தான் மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். நான் சீருடையோடேயே ஓடினேன், வழியில் பரீட்சை முடிந்து வந்துகொண்டிருந்த டீச்சரும் சேர்ந்துகொண்டார். கிடங்கு வாசலில் லாரி நின்றிருந்தது, ஒருவரும் சரக்கை இறக்கவில்லை. உள்ளே சிமெண்ட் தரையில் அப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பூனையின் உயரத்துக்கு வர வேண்டும் என்று உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்க முடியவில்லை. போனை நீட்டிக்கொண்டு சும்மா இருந்தாராம், துரை மோந்து பார்க்க வந்து, அப்படியே மடியில் ஏறிப் படுத்துவிட்டது. காவலர் என்னைப் பார்த்து, ரெண்டு பேருமே எழுந்திருக்க மாட்டேங்கிறாங்கம்மா என்றார். டீச்சர் அழுதுகொண்டே அப்பாவின் செத்த கையைப் பிடித்துக்கொண்டார், அப்பா எரிச்சலோடு, அழாதம்மா, அது மறுபடி ஓடிடப் போகுது என்றார். சரக்கு இறக்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். திரும்பும்போது முழுத் தெருவும் வாசலில் நின்று பார்த்தது. அவர் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்து வந்தார். வந்ததும் உப்புப் போடாத மோரைக் கரைத்துக் கொடுத்தேன்.

குடித்தவன் என்று ஒருவர் சொன்ன கதையை அவர் சில நாள் கழித்துத்தான் சொன்னார். அந்த நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன் என்றேன். அவர் சாதாரணமாக, நல்லவேளை அந்த ஆள் உடனே வெச்சிட்டான், வம்பளந்திருந்தா கிடங்குக்காரருக்கு லைன் கிடைச்சிருக்காது என்றார்.

இப்போது கிடங்குவரை தினமும் நடக்கிறார். நாயை எடுத்துத் தாருங்கள், கிளியை எடுத்துத் தாருங்கள், ஆட்டை எடுத்துத் தாருங்கள் என்று ஆட்கள் வருகிறார்கள். நாய்க்குச் சட்டை மாட்டிக் கொண்டுவந்தால் முதலில் அதைக் கழற்றச் சொல்கிறார். சொந்தக்காரர்கள் பக்கத்தில் நின்று செல்லம் கொஞ்சினால், நீங்க பேசினா அது உங்க வாயத்தான் பார்க்கும் என்று உள்ளே அனுப்பிவிடுகிறார், அவர்கள் என் சமையலறையில் வந்து நிற்கிறார்கள், எனக்குத்தான் இடைஞ்சல். சில படங்களை அச்சடித்து இதோடு வைத்திருக்கிறேன். அதில் கலங்கலாக, தலையில்லாமல் இருப்பது நான், ஆட்டைவிட நான் அதிகம் அசைகிறேனாம்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, நிறைவாக வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவே உனக்கு வீடியோவில் கூப்பிடப் போகிறார், நான் ஒன்றும் சொல்லாமலே நேற்று அவராகச் சொன்னார். திரையில் சைக்கிள் கடை நாய்தான் தெரியும். போனைத் திருப்புங்கப்பா, முகத்தைக் காட்டுங்கப்பா என்று கேட்காதே. நாயைப் பற்றியே கேள். அவர் சொல்வது புரியாவிட்டால் புரிந்ததுபோல உம் கொட்டாதே, அது அவருக்கு உடனே தெரிந்துவிடும். மெதுவா திரும்பச் சொல்லுங்கப்பா என்று சொல். சொல்வார்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா