முழங்கையைத் தாங்கிய மெஷின்

என் வாயாடி நாத்தனார் தமிழரசிக்கு,

ஜெயிச்சிட்டோம்டி! பாகூர் பக்கத்துப் பால் சொசைட்டியில் இன்று காலை, உறுப்பினர் பெயரையும் பால் அளவையும் பதியும் நம் மெஷினை எடுத்துக்கொண்டார்கள். உன் அண்ணனுக்குக்கூட இன்னும் போன் செய்யவில்லை. முதலில் உனக்குத்தான்.

அங்கே முன்பு இருந்த மெஷின் ஞாபகம் இருக்கிறதா? பெயருக்கு நடுவே இடைவெளி வந்தால் அங்கேயே நின்றுவிடும்; இடைவெளி இல்லாமல் கொஞ்சம் நீளமாக அடித்தால் போதும், பக்கத்தில் இருக்கும் பாலின் கொழுப்பு அளவையெல்லாம் குப்பையாக்கிவிடும். இனி மெஷினே வேண்டாம் என்று உறுப்பினர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். கெஞ்சிக் கூத்தாடி மெஷினை ஓட்டிக் காட்ட நமக்கு ஒரே ஒரு காலை நேரம் வாங்கினேன். இது தேறாவிட்டால் மூலக்குளத்தில் நாம் சேர்ந்து தொடங்கிய கடையை மூடியிருக்க வேண்டும்.

கடையில் ஒவ்வொரு தடவையும் நான் புரோகிராம் எழுதி முடித்ததும் நீ வருவாய், ஞாபகம் இருக்கிறதா? கீபோர்டு மேல் இடது முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஆற அமர டீ குடிப்பாய். எழுத்துகள் வழிந்து புரோகிராம் படுத்துவிடும்.

"இன்னா அண்ணி, ஒரு முழங்கையைத் தாங்கல, ஊரைத் தாங்குமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டீயை உன் தலையிலேயே ஊற்றியிருப்பேன். ஆனால் நீ சொன்னதுதான் சரி. அடிப்பதை வாங்க சி மொழியில் கெட்ஸ் என்ற கட்டளையை எழுதினால், இடம் நிறைந்ததுகூடத் தெரியாமல் பக்கத்து இடத்திலும் எழுதிக்கொண்டே போகும். அதற்குப் பதிலாக நாம் ஸ்கேன்எஃப் எழுதிய விதத்தில் பெயருக்கு நடுவே இடைவெளி வந்தால் நின்றுவிடும். கடைசியில் எஃப்கெட்ஸுக்கு வந்தேன். இவ்வளவுதான் இடம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு வாங்குவது. அப்போதும் நீ விட்டாயா?

"மிச்ச எழுத்து வாசல்லயே நிக்குதே அண்ணி, அடுத்த ஆள் பேருல பூந்துடுமே."

அந்த மிச்சத்தை வரி முடியும்வரை படித்துத் தள்ளிவிடும் புரோகிராம் துண்டை, உன் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து நீதான் எழுதினாய். அதில் ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றவில்லை.

இன்று வரிசையில் முதலில் நின்றவர் ஜெகதாம்பாள் என்கிற மரியபுஷ்பம். "பழைய மெஷினு ஜெகதாம்பாளோட நிறுத்திக்கும். நான் இன்னா பாதி ஆளா?" என்றார். செயலாளர் அடித்த முழுப் பெயரும் திரையில் அப்படியே நின்றது. அந்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல். கிட்டத்தில் பார்க்கக் குனிந்தவர் முழங்கையை எங்கே ஊன்றினார் தெரியுமா? கீபோர்டு மேல்!

அடுத்த பெயருக்கான இடத்தில் எழுத்துகள் ஓடின. பதறி எடுத்ததில் என்டரும் அழுந்திவிட்டது. "அய்யோ, கெடுத்துட்டனா பாப்பா?" என்றார்.

'பெயர் நீளம். மறுபடி அடிக்கவும்' என்று வந்தது திரையில். அவ்வளவுதான். பின்னால் நின்றவரின் பெயரை அடித்தோம், சுத்தமாக விழுந்தது. யாருடைய அளவும் கெடவில்லை. நான் இடம் பொருள் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"முழங்கை வச்சதுக்கா இந்தப் பொண்ணு இந்த ஆட்டம் ஆடுது?" என்றார் செயலாளர். அவருக்கு எப்படிச் சொல்வேன்?

நீ இருந்திருந்தால், நம்பாமல் நீயும் ஒரு தடவை ஊன்றிப் பார்த்திருப்பாய். அதற்கு நீ இல்லையே, அது ஒன்றுதான் எனக்குத் தாங்கவில்லை.

மண்ணாடிப்பட்டிலும் ஒரு மெஷின் கேட்டிருக்கிறார்கள். கையில் டீயோடு என் இடது முழங்கையை ஊன்றிப் பார்க்காமல் அது கடை வாசலைத் தாண்டாது. சத்தியம்.

உன்னிடம் தோற்றுத் தோற்றே ஜெயித்த
உன் அண்ணி,
மாலதி