விரல் மரத்துப்போகாத மருந்து

அன்பு மகளுக்கு,

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்க வேண்டும். இங்கே நான் எப்படி இருக்கிறேன் என்பதை என்னைக் கேட்காமலே நீயும் உன் அண்ணனும் போனில் முடிவு செய்துகொண்டிருந்தீர்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன், எழுத்தில் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது. அவன் வயிற்றையே எடுத்துவிட வேண்டும் என்கிறான், நீ புது மருந்துச் சோதனையில் சேரச் சொல்கிறாய், உன் சித்தப்பா டப்பா நிறையச் சூரணத்தோடு வந்து நிற்கிறார். வயிற்றில் புற்றுநோய் வந்திருப்பது எனக்குத்தான் என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. போதாததற்கு நீங்கள் இருவரும் சண்டை போட்டுப் பேச்சையும் நிறுத்திக்கொண்டீர்கள்.

போன மாதம் யாரிடமும் சொல்லாமல், வெட்டிய துணியை மேசையில் அப்படியே போட்டுக் கடையைப் பூட்டிவிட்டு, நான் மட்டும் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். "கல்லீரலுக்கும் போயிடுச்சும்மா, இப்ப வயித்தை எடுத்தா வலிதான் மிச்சம்" என்று ஒளிக்காமல் சொன்னார். நீ சொன்ன சோதனைக்கு என் கட்டி பொருந்தவில்லையாம். மிஞ்சியது இரண்டு வகை ஊசி மருந்து. ஒன்று கட்டியைக் கொஞ்சம் கூடுதலாக அடக்கலாம், ஆனால் விரல் நுனி மரத்துப்போகும், சிலருக்கு உணர்ச்சி திரும்பாது. இன்னொன்றில் பேதியும் அசதியும் உண்டு, விரலுக்குப் பயமில்லை. இரண்டுமே நோயைத் தீர்க்காது, நாளைக் கொஞ்சம் நீட்டும், அவ்வளவுதான். எதுவும் வேண்டாமென்றால் வலிக்கு மட்டும் பார்ப்பார்களாம். நான் தையல்காரி, ஊசி குத்துவதே தெரியாத விரலை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? "ரெண்டாவதே குடுங்க, முடியலைன்னா நிறுத்திக்கிறேன்" என்றேன். "உங்களுக்கு எது முக்கியம்னு நான் முதல்லயே உங்ககிட்ட கேட்டிருக்கணும்" என்றார் அவர்.

உணவு இறங்கும் வழியில் குழாய் வைத்தாயிற்று, இப்போது கஞ்சி இறங்குகிறது. முதல் ஊசியும் போட்டாயிற்று. நானே முடிவெடுத்த சேதி தெரிந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த உன் அண்ணன்தான் அன்று முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், நர்ஸிடம் ஓயாமல் கேள்வி கேட்டு என் மானத்தை வாங்கினான். மறுநாள் படுத்த படுக்கைதான், அதற்கடுத்த நாள் எழுந்து ஒரு சட்டைக்குக் காலர் வைத்தேன்.

இனி எனக்குப் புது மருந்து பற்றிய கட்டுரை எதுவும் அனுப்பாதே. அண்ணனுக்கு நீயே முதலில் போன் போடு, வைத்தியத்தை விட்டு வேறு எதையாவது பேசு. லீவு கிடைத்ததும் கிளம்பி வா. எனக்கு டாக்டர் இருக்கிறார், மகள்தான் பக்கத்தில் இல்லை.

நீ நோய்நொடியில்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும்.

உன் அம்மா